திருப்பிக் கொடுக்க முப்பது நாள்

காலை ஆறு மணியிலிருந்தே டெலிபோன் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அடுப்பையும் அணைத்துவிட்டது. அதைத் துடைத்தவள், துடைத்த துணியும் கையுமாக மறுபடி கூடத்துக்கு வந்து, மேஜைமேல் விரித்துக் கிடந்த காகிதங்களைக் குனிந்து பார்த்தாள். ஒரே ராத்திரியில் எழுத்து மாறிவிடுமா என்ன? ஏழாவது கேள்விக்கு எதிரே அதே "இல்லை"தான் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"உக்காரேன். பாக்கறவனுக்குத் தலை சுத்துது," என்றார் வீட்டுக்காரர்.

அவருக்கென்ன, உட்காரலாம். அந்த ஏழாவது கேள்வியே அவருடைய இதயத்தைப் பற்றியதுதான். ஆனால் அவரோ, யார் வீட்டுக் கேள்வியோ என்பதுபோலச் செய்தித்தாளில் நீச்சல் போட்டி முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷம் உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், இரைச்சலுக்கு நடுவே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற சில வருஷத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கை கொடுத்தது அவருடைய ஓய்வூதியர் சங்கம் எடுத்து வைத்திருந்த மருத்துவக் காப்பீடு. அதில் தனி அறை கிடையாது, ஆறு பேர் இருக்கும் வார்டுதான். அந்த ஒரு குறையைத் தவிர அதன்மேல் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் போன மாதம் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, புதுக் கம்பெனிக்கு மாறினார்கள்.

மாற்றியது ஒரு குரல். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். "அம்மா, சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் ஆரம்பித்தான். ஒரே பேச்சில் பதினேழு தடவை அம்மா போட்டான். எண்ணியது அவள்தான். அதனால் வீட்டில் அவனுக்கு அம்மாப் பையன் என்றே பெயர். தனி அறை, வீட்டிலேயே ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை முழு உடம்பும் இலவசமாகப் பார்ப்பது என்று தேனாக ஒழுக விட்டான். ஸ்டென்ட் விஷயத்தை அவள் மறைக்கவில்லை, முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தாள். "எட்டு வருஷமாச்சுல்லம்மா? சார் நல்லாத்தான இருக்காரு? அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா," என்றான்.

அவளுக்கு அதில்தான் ஆறவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துமூன்று வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவள். அப்பேர்ப்பட்ட காதில் ஒரு பொடியன் பூ சுற்றிவிட்டுப் போய்விட்டான்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கங்கள் இரண்டு. ஒன்று, எந்த அழைப்பு வந்தாலும் நேரம், ஆள், விஷயம் மூன்றையும் நோட்டில் எழுதுவது. ராங் நம்பரைக்கூட விடமாட்டாள். இரண்டாவது, அடுத்தவர் பேச்சைக் கேட்காமல் இருப்பது. இணைப்பைக் கொடுத்தோமா, காதுக்கருவியைக் கழற்றி விலகினோமா, அவ்வளவுதான். வீட்டிலும் அப்படியே. மகள் பேசினாலும் சரி, அவர் பேசினாலும் சரி, ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவாள். இதற்கு எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு விலக்கு உண்டு. லைன் மோசமாக இருந்து, பேசுகிறவரே வாயைத் திறந்து "கேட்கவில்லை" என்று சொன்னால், ஆபரேட்டர் நடுவில் வரலாம். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவராகச் சொல்லாத வரைக்கும் உள்ளே நுழையக் கூடாது. நுழைந்தால் வேலை போய்விடும்.

புதுக் காப்பீட்டின் தடித்த உறை கூரியரில் வந்தபோது அவள் நோட்டில் எழுதினாள். அவர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினார். நேற்று மாலை, அடையாள அட்டையை எடுத்து அவர் பர்சில் வைக்கலாமே என்று அவள் பிரித்தபோதுதான் அந்தப் படிவம் கண்ணில் பட்டது. இதய நோய், இதயச் சிகிச்சை, ஸ்டென்ட் ஏதேனும் உண்டா? இல்லை. கீழே, தவறான தகவல் தந்திருந்தால் சிகிச்சைப் பணம் மறுக்கப்படலாம் என்று ஒரு வரி. பதினாலாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்தில், இன்னொரு வரி: கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் காரணம் ஏதும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

நோட்டைப் புரட்டினாள். கூரியர் வந்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினாள், பிறகு காலண்டரில் எண்ணினாள், பிறகு அவரையும் எண்ணச் சொன்னாள். மூன்று கணக்கும் ஒன்றாகவே வந்தது. முப்பதாவது நாள் இன்றைக்கு.

"இப்ப போய் சொன்னா தூக்கி வெளிய போட்டுருவான்," என்றார் அவர், பேப்பரை மடித்தபடி. "எழுபத்தோரு வயசுக்காரனை வேற எவன் சேத்துக்குவான்? பேசாம இரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்குத் தெரியுமா? நெஞ்சைப் படம் புடிச்சா கம்பி ரெண்டும் பளிச்சுன்னு தெரியும்! டாக்டர் என்ன, படம் புடிக்கிற ஆளே சொல்லிருவான்!"

"அப்ப பாத்துக்கலாம்."

"அப்ப நீங்க கட்டில்ல படுத்திருப்பீங்க. கவுன்டர்ல நிக்கிறது நான்தான். அவன் இந்தக் காகிதத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவான். நான் என்ன சொல்றது? இது எங்க வீட்டுக்காரர் நெஞ்சு இல்லன்னு சொல்லவா?"

அவர் பேப்பரை மறுபடி விரித்தார். அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி நடையில் ஒரு கதவையே பார்த்துக்கொண்டு நின்ற அரை நாளை அவள் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குக் கவுன்டரில் இருந்தவன் சங்கத்தின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க போய் உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்," என்றான். அவனும் அம்மாப் பையன் சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னான். ஆனால் அவன் பார்த்துக்கொண்டான்.

எட்டு மணிக்குச் சங்கச் செயலாளரைப் பிடித்தாள். அவர் எடுத்தவுடன் திட்டினார், பிறகு வழி சொன்னார்.

"பழசைப் புதுப்பிக்க நாளன்னிக்கு வரைக்கும் டைம் இருக்குக்கா. அண்ணனோட ஸ்டென்ட் அதுல எட்டு வருஷமா எழுத்துல இருக்கு, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது. பணத்துக்கும் அவசரமில்ல, பென்ஷன்ல புடிச்சுக்கறோம். ஆனா வேற காப்பீடு வச்சிருக்கவங்கள சங்கம் சேத்துக்காது. புதுசை ரத்து பண்ணின ரசீதைக் கொண்டு வாங்க, பேரை ஏத்திடறேன். நாளன்னிக்கு தாண்டிட்டா நான் தலைகீழா நின்னாலும் முடியாது."

ரசீது. ஒரே ஒரு காகிதம். அது இன்றைக்குக் கிடைத்தால் பழையது உண்டு. கிடைக்காவிட்டால் பொய் எழுதிய புதியதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

ஒன்பது மணிக்கு அம்மாப் பையனைக் கூப்பிட்டாள். "அம்மா, எப்படிம்மா இருக்கீங்க?" என்று தேனை ஊற்றினான். விஷயத்தைச் சொன்னதும் தேன் கொஞ்சம் கெட்டியாயிற்று.

"அம்மா, அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துறாதீங்கம்மா. நாலே நாள் பொறுங்க. நானே உள்ள சொல்லித் திருத்திடறேம்மா."

"நாலு நாள் கழிச்சா முப்பத்தி நாலு ஆயிடுமேப்பா."

"அதெல்லாம் ஒரு மேட்டரே இல்லம்மா. அப்புறம் இன்னொண்ணும்மா, நான் எழுதினது மட்டும் இல்ல. ஹெட் ஆபீஸ்லேருந்து உறுதி பண்ற கால் வந்துச்சே, அதுல சாரே ஸ்டென்ட் இல்லன்னு ஒத்துக்கிட்டாரேம்மா. ரெக்கார்டே இருக்கும்மா."

அவள் ஃபோனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த அழைப்பு அவளுக்கு நினைவிருந்தது. அவர் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல பால்கனிக்குப் போய்த் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கால்ல என்ன கேட்டாங்க?"

"என்னமோ கேட்டாங்க. சரின்னு சொன்னேன்."

"என்ன கேட்டாங்கன்னு கேக்கறேன்."

"மாசமாச்சு. யாருக்கு ஞாபகம்?" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடப் போனார். அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் முக்கால் மணி நேரம் ஒரு இயந்திரப் பெண் அவளை ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒவ்வொரு நிமிஷமும் சொன்னாள். "அவ்ளோ முக்கியம்னா எடுடீ!" என்று டெலிபோன் அம்மா கத்தியதை அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். எடுக்கவில்லை. காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "நான் வரல," என்றவர், அவள் இரண்டு படி இறங்குவதற்குள் பின்னாலேயே வந்துவிட்டார். தனியாக அனுப்பினால் கம்பெனியையே கொளுத்திவிட்டு வந்துவிடுவாளோ என்ற கவலையாக இருக்கும்.

கிளை அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறியதும் அவர் உள்ளங்கையைச் சுவரில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "மேல பேரிங் தேஞ்சு கிடக்கு. எவனும் பாக்கறதில்ல," என்றார். முன்பெல்லாம் இதையே காதால் கேட்டுச் சொல்வார், தெருவில் நடக்கும்போதே எந்தக் கட்டடத்து மோட்டார் முனகுகிறது என்பார். எப்போதிலிருந்து கையால் கேட்க ஆரம்பித்தார்? வீட்டில் டிவி சத்தம் சுவரைப் பிளக்கும். கேட்டால், செய்தி வாசிக்கிறவன் முணுமுணுக்கிறான் என்பார். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின் பெட்டியோடு இழுப்பறையில் கிடக்கிறது. அவள் தன் எக்ஸ்சேஞ்ச் குரலில் நேருக்கு நேர் பேசுவது மட்டும் அவருக்கு எட்டிவிடும். கொஞ்சம் மந்தம், வயசாயிற்று என்று அவளும் விட்டுவிட்டாள். எவ்வளவு என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

டோக்கன் எண் அறுபத்துநான்கு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தொன்று. நாற்காலிகளில் தலை நரைத்தவர்கள்தான் அதிகம், எல்லார் மடியிலும் ஒரே மாதிரி நீல உறை. அவள் உட்காரவில்லை. தண்ணீர் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை என்று கவுன்டரை மூடினார்கள். இரண்டு மணிக்குத் திறந்து, சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார்கள். மூன்றேகாலுக்கு சிஸ்டத்துக்கு உயிர் வந்தது. அவள் எண் வந்தபோது மூன்று ஐம்பது.

கவுன்டரில் இருந்த பெண்ணின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பேனா மூடியைக் கடித்துக் கடித்தே ஒரு வழி பண்ணியிருந்தாள்.

"எதுக்குமா ரத்து? நல்ல பிளானாச்சே."

"காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்க. பதினாலாம் பக்கம்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். பதினாலாம் பக்கம் வரை போன ஆளை அவள் அதிகம் சந்தித்ததில்லை போலிருக்கிறது. "சரிம்மா, லெட்டரைக் கொடுத்துட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

"இந்தப் பாத்துக்கறோம் வேண்டாம். முத்திரை, தேதி, நேரம், மூணும் போட்டு ரசீது கொடுங்க. அதோட, இவரு பேசினதா ஒரு ரெக்கார்டு இருக்காமே, அதையும் போடுங்க. எங்க வீட்டுக் குரல், நாங்க கேக்கலாம்ல?"

பெண் மேலே யாரையோ கேட்கப் போவதுபோல எழுந்து, போகாமலே உட்கார்ந்தாள். பின்னால் வரிசையைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கணினியில் எதையோ தட்டினாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் விரைவு ரயிலாக ஓடியது. சர்க்கரை நோய் எதுவும் இல்லை, சரிங்களா சார். சரி. இதய நோய், இதயச் சிகிச்சை எதுவும் செய்துகொண்டதில்லை, சரிங்களா சார். சரி. கடந்த பத்து வருடத்தில் மருத்துவமனையில் சேர்ந்ததில்லை. சரி. இவ்வளவும் மளமளவென்று முடிந்தது. கடைசியில் அந்தக் குரல் கேட்டது: "சார், உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

"சரி."

"சார்? பிறந்த தேதி?"

"சரி, சரிம்மா. ரொம்ப நன்றி."

அந்தக் குரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு, "நன்றி சார்," என்று வைத்துவிட்டது.

கவுன்டர்ப் பெண் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினாள். டெலிபோன் அம்மா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரையே பார்த்தபடி, எல்லாம் புரிந்தவர்போல, மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அவருக்கு இப்போதும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாப் பையன் ஏமாற்றினான், வாஸ்தவம். ஆனால் கேட்காத காதில் ஃபோனைக் கொடுத்துவிட்டு பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தது யார்?

"ரசீது வரணும்னா ஒரு நடைமுறை இருக்கும்மா," என்றாள் பெண், குரலைத் தாழ்த்தி. "ஹெட் ஆபீஸ்லேருந்து சாரோட நம்பருக்குக் கூப்பிடுவாங்க. பாலிசி அவர் பேர்ல இருக்கு, அவர்தான் பேசணும். அவர் உறுதியா சொன்னா சிஸ்டத்துல ரத்துன்னு வந்துடும், நான் அச்சடிச்சு முத்திரை போட்டுருவேன். அஞ்சு மணிக்குள்ள." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் தாழ்த்தினாள். "அவங்க வேகமா பேசுவாங்கம்மா. நடுவுல, இதே பாலிசியைத் தொடர விருப்பம்தானேன்னு கேப்பாங்க. அதுக்கு சரின்னு சொல்லிட்டா அவ்ளோதான், ரத்து ஆகாது. வாரத்துக்கு நாலு பேராவது சொல்லிடறாங்க."

டெலிபோன் அம்மா மணியைப் பார்த்தாள். அவரைத் தண்ணீர் இயந்திரத்தின் பக்கம் இழுத்துப்போய்க் காதருகே சொன்னாள்: "எல்லாத்துக்கும் சரி சொல்லக் கூடாது. புரியுதா?"

"புரியுது, புரியுது. நான் என்ன குழந்தையா?"

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க."

அவர் முகம் சட்டென்று இறுகியது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது," என்றார்.

நாலரைக்கு ஃபோன் அடித்தது. அது அவர் சட்டைப் பையில் அதிர்ந்ததால்தான் அவருக்கே தெரிந்தது. எடுத்துக் காதில் வைத்தார். அவள் கால்கள் தாமாகவே இரண்டு எட்டு விலகிவிட்டன. முப்பத்துமூன்று வருஷப் பழக்கம், சொன்னாலா கேட்கும்? விலகிய பிறகுதான் சுரணை வந்து நின்றாள்.

"ஆமாம்மா," என்றார் அவர். பிறகு, "சரி."

எதற்குச் சரி? பேருக்கா? தேதிக்கா? அவளால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போய்ப் பிடுங்கவும் முடியவில்லை. பிடுங்கினால் அந்தப் பக்கத்துக்காரி, வேறு ஆளோடு பேசமாட்டோம் என்று வைத்துவிடுவாள். அதைவிட, இத்தனை பேர் நடுவில் இவருடைய காதை ஏலம் போட்டமாதிரி ஆகிவிடும். மனுஷர் அதன்பிறகு ஒரு மாசம் சாப்பாட்டைச் சாப்பாடாகச் சாப்பிடமாட்டார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினாள். நீங்களாகச் சொல்லாமல் நான் எப்படி உள்ளே வருவது?

"சரி," என்றார் மறுபடியும்.

கவுன்டர்ப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் தன் நீல உறையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தார்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு எட்டு தள்ளி, பையைப் பிசைந்துகொண்டு நிற்கிற தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன படித்தாரோ தெரியாது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மோட்டார் அறைக்குள்ளிருந்து கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்:

"இரும்மா. எனக்குக் கேக்கல."

நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"காது கேக்காது எனக்கு. நீ இப்ப சொன்னது ஒண்ணும் விழல. போன மாசம் கேட்டதும் விழல. சும்மா சரி சரின்னு சொல்லிட்டேன். இங்க பக்கத்துல ஆபரேட்டர் நிக்கறா. நீ சொல்றதை அவ சொல்லுவா. பதில் நான் சொல்றேன்."

அவள் ஒரே எட்டில் வந்துவிட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். "சார் மட்டும்தான் பேசணும் மேடம்," என்றது குரல்.

"சார்தான் பேசுவாரு. நான் வெறும் லைன். மெதுவா சொல்லுங்க."

குரல் சொன்னது. அவள் அவர் காதருகே குனிந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். பிறந்த தேதியை அவர் கணீரென்று சொன்னார். தனி அறை, இலவசப் பரிசோதனை, அடுத்த வருஷத்துச் சலுகை என்று குரல் அடுக்கியது. விற்கிறவர்களின் அந்தச் சர்க்கரைப் பேச்சையும் அவள் அப்படியே சொன்னாள், நாக்கு கூசியது. "இவ்வளவு வசதி உள்ள பாலிசியைத் தொடர விருப்பம்தானே சார்?"

"இல்ல," என்றார் அவர்.

"இதை ரத்து செய்தால், உங்கள் வயதில் வேறு எந்த நிறுவனமும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

இதைத் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் காலையில் சங்கச் செயலாளருக்குக் காய்ச்சல் வந்தால்? நாளன்னிக்குள் ஏதாவது ஒரு முத்திரை குறைந்தால்? அந்த இரண்டு நாளுக்குள் இவருக்கு நெஞ்சு வலித்தால்? ஆனாலும் லைனுக்கு அபிப்பிராயம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு முழுசாகச் சொன்னாள்.

அவர் அவளைத்தான் பார்த்தார், ஃபோனைப் பார்க்கவில்லை.

"தெரியும். ஆனா என் நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. உங்க காகிதத்துல அது இல்ல. நீங்க காப்பீடு கொடுத்திருக்கறது வேற யாரோ ஒரு ஆளோட நெஞ்சுக்கு. ரத்து பண்ணுங்க."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு காகிதத்தைத் துப்பியது. பெண் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். தேதியையும் நேரத்தையும் கையாலேயே எழுதி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். டெலிபோன் அம்மா கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன், அந்த வழுக்கைத் தலைக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். "அம்மா, அந்தப் பதினாலாம் பக்கம் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன்." அவர் உறையை வாங்கிப் புரட்டிக் காட்டினாள். அதற்குள் இன்னும் மூன்று பேர் தங்கள் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்தே சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள். காலையில் பத்து மணிக்கு ரசீதோடு வாருங்கள் என்றார். ஒன்பதுக்கே வருகிறேன் என்றாள். நோட்டை எடுத்து நேரத்தையும் விஷயத்தையும் எழுதினாள். பேருந்து குலுங்கியதில் எழுத்து கோணிற்று. ரசீது பைக்குள் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ, வெட்கமோ, அவளுக்குக் கேட்கவும் பயமாக இருந்தது. நாலு நிறுத்தம் தாண்டிய பிறகு, திரும்பாமலே சொன்னார்:

"இனிமே எனக்கு ஃபோன் வந்தா, நீ பால்கனிக்குப் போகாத."

"சரி," என்றாள்.

"என்ன?"

"சரின்னு சொன்னேன்!" என்று கத்தினாள். பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.